தெய்வானையக்காவின் தாழ்ப்பாள்

வியாழக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். வங்கியில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தபோது எனக்குத் தொலைபேசி என்றார்கள். மாவட்டத் தடகளப் போட்டிகளில் பெயர் பதியும் பெரியவர் பேசினார்.

“ஏனுங்க அம்மணி, நம்ம அன்னூர் தெய்வானை போயிட்டாங்களாமுங்க. காமாலையாமா. பத்து நாளா ஆஸ்பத்திரியில இருந்தாங்களாமா. உங்களுக்குத் தெரியுங்களா?”

எனக்குத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரி எங்கள் வங்கியிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான் இருக்கிறது. பத்து நாளில் ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போகவில்லை. வந்தவர்களுக்குப் பணம் கொடுத்து அனுப்பிவிட்டு, பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன்.

தெய்வானையக்காவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவர் நானூறு மீட்டர் ஓட்டக்காரர். தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் “பாலில் மருந்து கலந்த பொண்ணு”. மீதிப் பேருக்கு, மைதானக் கழிவறைகளுக்குத் தாழ்ப்பாள் அடித்துக்கொண்டு திரிந்த ஒரு மாதிரியான பெண். இந்த இரண்டு பேச்சும் எங்கிருந்து வந்தன என்று முழுதாகத் தெரிந்தவள் நான்.

எனக்கு இரண்டு வயது மூத்தவர். விடியற்காலையில் பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, அன்னூரிலிருந்து முதல் பஸ் பிடித்துக் கோவை மைதானத்துக்கு வருவார். நான் டவுனிலேயே இருந்தும் அவருக்குப் பிறகுதான் வந்து சேருவேன். ஓட்டத்தில் முந்தும்போதுகூட, “சித்த தள்ளிக்குங்க” என்று சொல்லிவிட்டுத்தான் முந்துவார். முன்னால் ஓடுகிறவள் சிரித்துவிட்டால் அவள் கதை முடிந்தது. என்னை அவர் அப்படி முந்தியதற்குக் கணக்கே இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் இருவரையும் இந்திய அணி முகாமுக்கு எடுத்தார்கள். தொடர் ஓட்டத்துக்கு நான்கு பேர், மாற்றாள் ஒருத்தி. அக்கா அந்த நால்வரில் ஒருவர். மாற்றாள் நான். நால்வரில் யாருக்காவது ஏதாவது ஆனால்தான் எனக்கு ஓட வாய்ப்பு.

முகாமில் மூத்தவர்கள் வைத்ததுதான் சட்டம். காலையில் அவர்களுக்குப் பால் ஆற்றிக் கொடுப்பதும், உடுப்புத் துவைப்பதும் அக்காவின் தலையில் விழுந்தன. வாரத்துக்கு இரண்டு முறை அவர்கள் ஒரு ஊசி போட்டுக்கொள்வார்கள். சத்து ஊசி என்று பெயர். என்ன சத்து என்று யாரும் கேட்பதில்லை. அக்காவையும் கூப்பிட்டார்கள். “எனக்கு ஊசின்னா ஆகாதுங்க” என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து தொந்தரவு ஆரம்பித்தது. அவருடைய ஒரு கால் ஷூ காணாமல் போகும். சாப்பாட்டு மேசையில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துகொள்வார்கள். ஒருநாள் எங்கள் குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். அவர் குளிக்கும்போது கதவைத் தள்ளித் திறப்பதும் சிரிப்பதும் அவர்களுக்கு விளையாட்டு. அப்போது நானும் சிரித்திருக்கிறேன். சிரிக்காவிட்டால் அடுத்து என் ஷூதான் காணாமல் போகும் என்று பயம்.

வெளிநாடு கிளம்புவதற்கு முன்னால் எல்லோருக்கும் சிறுநீர்ச் சோதனை என்று திடீரென்று அறிவித்தார்கள். ஊசி போட்டவர்களில் மற்றவர்கள் வெளிநாட்டுச் சோதனைக்குப் பயந்து முன்பே நிறுத்தியிருந்தார்கள். அணித் தலைவிக்கு மட்டும் நிறுத்த மனம் வரவில்லை. சோதிக்க வந்தவர்களோ ஆளுக்கொரு பாட்டிலைக் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். தலைவி தன் பாட்டிலை அக்காவிடம் நீட்டி, இதையும் நீயே நிரப்பு என்றார். அக்கா மாட்டேன் என்றார். இரண்டு பேர் அவரைக் குளியலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவில்தான் தாழ்ப்பாள் இல்லையே. என்னைப் பார்த்து, யாரும் வராமல் கதவைப் பிடித்துக்கொள் என்றார்கள்.

பிடித்துக்கொண்டேன். உள்ளே அக்காவின் குரல் கேட்டது. “உட்டுடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றுதான் அப்போதும் கெஞ்சினார். இத்தனை வருடம் ஆகியும் அந்தக் கதவு என் கையில் கனக்கிறது.

அந்தச் சோதனைக்கு மூன்று நாள் முன்பு அக்காவுக்குச் சளி. மெடிக்கல் ஷாப்பில் இருமல் மருந்து வாங்கி வந்து கொடுத்தவள் நான். அதில் ஓட்டக்காரர்களுக்குத் தடை செய்த சரக்கு ஒன்று இருப்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. முடிவு வந்தபோது இரண்டு பாட்டிலில் ஒரே மருந்து இருந்தது. ஒன்று அக்காவுடையது, இன்னொன்று தலைவியுடையது. ஊசி போட்டது தெரிந்துவிடும் என்று பயந்து சுத்தமான ஆளாகப் பார்த்துப் பிடித்த தலைவி, இருமல் மருந்தில் மாட்டிக்கொண்டார்.

தலைவி அழுதார். எனக்குத் தினமும் பால் ஆற்றிக் கொடுப்பது இவள்தான், பொறாமையில் கலந்துவிட்டாள் என்றார்.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அக்காவுக்கு இந்தி தெரியாது. என் அப்பா ரயில்வேயில் இருந்ததால் எனக்குத் தெரியும். அதனால் அக்கா பேசியதை நான்தான் இந்தியில் சொல்ல வேண்டியிருந்தது. நடந்ததையெல்லாம் அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். கடைசியில் என் பக்கம் கை காட்டினார்.

“இந்தப் புள்ளையக் கேளுங்க. அது கதவுகிட்டத்தான் நின்னுது. எங்கூருப் பக்கத்துப் புள்ள, பொய் சொல்லாதுங்க.”

அதையும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். பிறகு அவர்கள் என்னைக் கேட்டார்கள். இருமல் மருந்து பாட்டிலை அவரிடம் பார்த்தேன் என்றேன். குளியலறை விஷயம் எனக்குத் தெரியாது, நான் அங்கே இல்லை என்றேன். இந்தியில் சொன்னேன். அக்காவுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே அவர் தெரிந்துகொண்டார்.

அவருக்கு இரண்டு ஆண்டு தடை. தலைவிக்கு ஓர் எச்சரிக்கை. காலியான இடத்தில் நான் ஓடினேன். எங்களுக்கு வெண்கலம் கிடைத்தது. வந்ததும் வங்கி வேலை கிடைத்தது.

அன்னூரில் செய்தித்தாளைப் படித்தவர்கள், “உங்க ஊட்டுப் பாலையும் டெஸ்டு பண்ணோணுமா?” என்று சொசைட்டியில் அக்காவின் அப்பாவைக் கேலி செய்தார்களாம். “என்ற புள்ள பாலுல தண்ணிகூடக் கலக்காதுங்க” என்று சொல்லிவிட்டு, கொண்டுபோன கேனைத் திருப்பி எடுத்து வந்தவர், அதன் பிறகு அந்தப் படி ஏறவில்லை. வேறு ஊர்ச் சொசைட்டிக்குச் சைக்கிள் மிதித்தார்.

தடை முடிந்தபோது அக்காவுக்கு ஓட வயது இருந்தது, கூப்பிடத்தான் ஆள் இல்லை. ஆனாலும் மைதானத்தை விடவில்லை. எங்கே மாவட்டப் போட்டி நடந்தாலும் உதவிக்கு வந்துவிடுவார். தோளில் ஒரு ரெக்சின் பை. அதில் இரண்டு தாழ்ப்பாள், ஒரு திருப்புளி, பழைய பவுடர் டப்பாவில் திருகாணிகள். வந்ததும் முதல் வேலை, பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவுகளைப் பார்ப்பது. தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குத் தானே ஒன்று மாட்டி, உள்ளே போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வருவார். ஆண்கள் கண்ணடித்துச் சிரிப்பார்கள். அவர் காதில் வாங்கமாட்டார்.

அப்படி ஒரு போட்டிக்கு எங்கள் வங்கியின் சார்பில் பரிசு கொடுக்கப் போனேன். கழிவறைப் பக்கம் அவரைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாம் என்றிருந்தது.

“நல்லா இருக்கறியா அம்மணி?” என்றார்.

“அக்கா, நான் உங்ககிட்ட…” என்று ஆரம்பித்தேன்.

“அது கெடக்குது. சித்த இந்தக் கதவப் புடி, ஆடுது.”

பிடித்தேன். அவர் நிதானமாக நான்கு திருகாணியையும் திருகினார்.

“எனக்கு உம்மேல கோவம் இல்லீன்னு சொன்னா அது பொய்யி. இருந்துது. இப்ப நான் ஓடி ஆவறதுக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா எங்கய்யன் இன்னும் அந்தச் சொசைட்டி வழியாப் போறதில்ல. நடந்தத ஒரு கடுதாசியா எழுதி, உன்ற பேரப் போட்டுக் குடு. அது போதும்.”

“எழுதிடறேன்க்கா” என்றேன்.

அது நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. எழுதவில்லை. பதவி உயர்வு முடியட்டும் என்றிருந்தேன். பிறகு தங்கை கல்யாணம் முடியட்டும் என்றிருந்தேன். பிறகு சாக்கு தேடவும் அவசியமில்லாமல் போனது. இடையில் இரண்டு முறை மைதானத்தில் பார்த்தோம். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேனோ என்னவோ.

கருமாதி முடிந்த மறுநாள் அன்னூர் போனேன். இந்தக் கட்டுரையை இதுவரைக்கும் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அக்காவின் அப்பாவிடம் நான் யார் என்று சொன்னேன். “தெரியுமுங்க, புள்ள சொல்லியிருக்குது” என்றார். அக்கா என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை. மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, “படி” என்றார். கதவைப் பிடித்த இடம் வந்தபோது என்னால் படிக்க முடியவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு, ரெக்சின் பையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

“நீ எடுத்துட்டுப் போ. இங்க சும்மாதான் கெடக்கும்.”

பிறகு என் கையிலிருந்த தாளைக் காட்டிக் கேட்டார்: “அதுல என்ற புள்ள பேரு போட்டிருக்குதா?”

“போட்டிருக்குதுங்க.”

“உன்ற பேரு?”

தாளைப் பார்த்தேன். தலைப்புக்குக் கீழே ‘ஒரு சக வீராங்கனை’ என்று எழுதியிருந்தேன். எழுதும்போது அது எனக்குத் தவறாகவே தோன்றவில்லை. அவர் எழுந்து உள்ளே போய், பால் கணக்கு எழுதும் பேனாவை எடுத்து வந்து நீட்டினார்.

தெய்வானையக்கா, போய் வாருங்கள். கழிவறைகளை இனி நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் யாருடைய பாலிலும் எதையும் கலக்கவில்லை. அன்று அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான்.

ப. விசாலாட்சி