தாய்மாமன் மடிக்காக வளர்ந்த முடி

புனேயின் வானவடிப் பகுதியில் கனகவல்லிக்கு விரோதி என்று சொல்ல ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவளும் தமிழச்சியாக வாய்த்ததுதான் வேடிக்கை.

தாராபுரத்துப் பக்கம் பிறந்து, பாதுகாப்புக் கணக்குத் துறையில் எழுத்தராக இருந்த பாஸ்கருக்கு வாழ்க்கைப்பட்டுப் புனே வந்தவள் கனகவல்லி. காய்கறிக்காரனோடு சண்டை போட்டு இந்தியையும், வேலைக்காரியோடு சண்டை போட்டு மராத்தியையும் கற்றுக்கொண்டாள். மனிதர் எவருக்கும் அஞ்சாதவள். குலதெய்வத்துக்கு மட்டும் அஞ்சினாள். மகன் ஹர்ஷா பிறந்தபோது ஒரு வேண்டுதல் வைத்தாள். அவனுடைய முதல் முடி, தாய்மாமனான கோகுல்நாத்தின் மடியில்தான் இறக்கப்படும். அதுவரை அதில் இரும்பு படாது.

கோகுல்நாத் படைவீரன். அவனுடைய விடுப்பு இருமுறை தள்ளிப்போயிற்று. 1999-ஆம் ஆண்டில் மூன்றாம் முறையாகப் பயணச்சீட்டு வாங்கியபோது எல்லையில் சண்டை மூண்டது. விடுப்பும் போயிற்று, கடிதமும் நின்றது. முடியில் கத்தி பட்டால் தம்பியின் உயிருக்கு ஆகாது என்ற எண்ணம் கனகவல்லியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. அந்த ஜூன் மாதத்தில்தான், முதுகில் புரளும் முடியோடு நான்கு வயது ஹர்ஷா பள்ளிக்கூடம் புகுந்தான்.

அங்கே மழலையர் பிரிவுக்கு மேற்பார்வையாளர் ரமா மிஸ். புனேயிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர். காலைதோறும் வாசலில் நின்று, இடுப்புயரம்கூட வளராத குழந்தைகளைச் சிப்பாய்களைப்போல வரிசையில் நிறுத்துவார். காலுறை முழங்காலைத் தொட வேண்டும். கைக்குட்டை இடது மார்பில் ஊசியால் குத்தப்பட்டிருக்க வேண்டும். காலணியில் பளபளப்பு இருக்க வேண்டும். மழைச்சேற்றில் நடந்து வந்த காலணி எப்படிப் பளபளக்கும் என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை. தவறியவர்கள் சுவரோரம் நின்று அழுதார்கள். ஆண் பிள்ளைகளின் முடியோ கழுத்துப்பட்டையைத் தொடவே கூடாது.

"மிஸ், நீங்களும் நம்மாளுங்கன்னு சொன்னாங்க. கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கோணும். எந்தம்பி வந்ததும் எடுத்துப் போடறமுங்க" என்றாள் கனகவல்லி.

"இங்கிலீஷ் ஆர் ஹிந்தி, ப்ளீஸ்" என்றார் ரமா, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

கனகவல்லிக்குச் சுருக்கென்றது. இந்தியிலேயே எல்லாவற்றையும் விளக்கினாள். வரிசையில் நீலத் துணியால் கொண்டையை மூடி நின்ற சீக்கியச் சிறுவனைச் சுட்டிக்காட்டி, அவனுக்கு மட்டும் எப்படி விதி தளர்ந்தது என்று கேட்டாள். அது அவர்களுடைய மதம், உன்னுடையது வெறும் வேண்டுதல் என்று ரமா இந்தியிலேயே வெட்டிப் பேசினார். திங்கட்கிழமைக்குள் முடி போக வேண்டும் என்றும் கெடு வைத்தார்.

வீட்டில் பாஸ்கரும் ரமாவின் பக்கமே பேசினான்.

"ஏம்புள்ள, இந்த சீட்டுக்கு நான் எத்தன பேரு காலப் புடிச்சேன்னு தெரியுமா? கொஞ்சம் வெட்டிவுட்டா குடியா முழுகிப்போயிரும்?"

"பனிமலையில கெடக்கறது உங்க தம்பியா? எந்தம்பி!"

திங்கட்கிழமை காலை, கால்சட்டை தைத்து மிஞ்சிய நீலத் துணியால் ஹர்ஷாவின் கொண்டையைச் சீக்கியப் பிள்ளையைப் போலவே கட்டி அழைத்துச் சென்றாள். பள்ளி வாசலில் அதைப் பார்த்துவிட்ட அந்தச் சீக்கியச் சிறுவனின் தாய் ஜஸ்பீர், "எங்கள் பிள்ளை தலையில் இருப்பது வேஷமல்ல, பெஹன்ஜி" என்று இந்தியில் சொல்லிவிட்டு நடந்தாள். அதன் பிறகு அவள் கனகவல்லியோடு பேசவே இல்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்ததென்பதைக் கனகவல்லி பிற்காலத்தில் மறுத்ததில்லை. ஆனால் அன்று அந்தத் துணியை அவிழ்க்கவும் இல்லை.

ரமா ஒன்றும் சொல்லாமல் ஹர்ஷாவை உள்ளே விட்டார். அந்த மௌனத்தை வெற்றி என்று எண்ணியதுதான் கனகவல்லியின் பிழை.

நண்பகலில் அழைத்துப் போக வந்து நின்றவளிடம் ஹர்ஷா நீலத் துணியைக் கையில் பிடித்தபடி வந்தான். நெற்றிக்கு மேல் ஒரு பிடி முடியைக் காணவில்லை. கரண்டியால் வழித்தெடுத்ததுபோல் அந்த இடம் குழிந்து கிடந்தது. இப்படி ஓரிடத்தில் அலங்கோலம் செய்துவிட்டால் பெற்றோர் தாமாகவே முடிதிருத்தும் கடைக்கு ஓடுவார்கள் என்பது ரமாவின் நெடுநாளைய உத்தி.

"மிஸ் கட் பண்ணாங்கம்மா. பேப்பர் வெட்டற கத்திரில."

கனகவல்லி நேராக வகுப்புக்குள் நுழைந்தாள். "முடி எங்கீங்க?"

ரமா மூலையிலிருந்த குப்பைக் கூடையைக் கண்ணால் காட்டினார்.

"எடுங்க."

"வாட்?"

"வெட்டுன கை எடுக்கட்டும்!"

அந்தக் குரலில் பக்கத்து வகுப்புகள் அடங்கின. பிள்ளைகளை அழைத்துப் போக வந்த தாய்மார்கள் வாசலில் திரண்டனர். பிள்ளைகள் 'மாவசி' என்று அழைக்கும் மராத்தி ஆயா பதறிக் கூடையருகே குனிந்தாள். கனகவல்லி அவள் தோளைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினாள். பிறகு முந்தானையை விரித்து நீட்டிக்கொண்டு நின்றாள்.

ரமா வாசலைப் பார்த்தார். உதவிக்கு ஒருவரும் வரவில்லை. காலணிக்காகவும் காலுறைக்காகவும் அழுத பிள்ளைகளின் தாய்மார்தானே அங்கே நின்றவர்கள்? அவர் குனிந்து பிஸ்கட் உறைகளை ஒதுக்கி, முடியைப் பொறுக்கி முந்தானையில் போட்டார்.

"இன்னும் இருக்குதுங்க. பென்சில் சீவலுக்கு அடியில பாருங்க."

"போதுமா? இல்ல, தலையில ஒட்டியும் தரணுமா?" என்று சீறினார் ரமா.

"அட, மிஸ்ஸுக்குத் தமிழ் வருதே!" என்றாள் கனகவல்லி.

அத்தோடு அந்தப் பள்ளிக்கு முழுக்குப் போட்டாயிற்று. பாஸ்கர் நெடுநாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. வெட்டுண்ட முடி மஞ்சள் துணி முடிச்சாக விளக்கடியில் இருந்தது. வாசலில் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் கனகவல்லியின் கை அந்த முடிச்சுக்குப் போயிற்று.

தை மாதத்தில் கோகுல்நாத் வந்து சேர்ந்தான். இடது முன்கையில் ஒரு தழும்போடு வந்தான். ஊரில் குலதெய்வத்தின் முன் மருமகனை மடியில் இருத்திக்கொண்டான். இறக்கிய முடியோடு மஞ்சள் முடிச்சும் சேர்ந்து தட்டில் விழுந்தது. வெட்டுண்ட ஒரு பிடி முடிக்குத் தெய்வம் வாங்கிய ஈடுதான் அந்தத் தழும்பு என்று கனகவல்லி உறுதியாக நம்பினாள். குண்டுச் சிதறல் என்று தம்பி சொன்னது அவள் காதில் ஏறவில்லை.

2005-இல் ஒருநாள், காய்கறிச் சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருந்த கனகவல்லியை யாரோ பின்னாலிருந்து தமிழில் அழைத்தார்கள். ரமா நின்றார், தலை நரைத்திருந்தது, பணி ஓய்வும் பெற்றிருந்தார். பக்கத்தில் நின்ற பத்து வயது ஹர்ஷாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்லா வளந்துட்டானே! முடிதான் கழுத்துல விழுது. வெட்டிவிடக் கூடாதா?"

"கத்திரி கொண்டாந்திருக்கீங்களா, மிஸ்?"

ரமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னுமா அதை மறக்கல நீ?"

கனகவல்லி காய்கறிக்காரனிடம் திரும்பி, வெண்டைக்காய் முற்றல் என்று மராத்தியில் சண்டையைத் தொடர்ந்தாள்.