இரண்டாவது கரைப்பான்

மேல்பட்டாம்பாக்கம் கோவிந்தசாமி விஷத்தால்தான் செத்தார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வீட்டுப் பரணில் பூச்சிமருந்து டப்பா ஒன்று கிடைத்ததும் மருமகள் வினோதினியைப் பிடித்து ரிமாண்டில் வைத்தார்கள். டப்பாவில் இருந்ததும் வயிற்றில் இருந்ததும் ஒன்றுதானா என்று சொல்ல வேண்டியவள் லலிதாம்பிகை. சிதம்பரத்திலிருந்து தினமும் ரயிலில் கடலூர் வந்து, ஆய்வுக்கூடத்தில் விஷம் பிரித்துப் பார்ப்பது அவள் வேலை.

சிலிகா பூசிய கண்ணாடித் தகட்டின் அடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பொட்டு வைத்து, கரைப்பானில் நிறுத்தினாள். கரைப்பான் மேலே ஏறும்போது பொட்டையும் இழுத்துக்கொண்டு போகும்; எவ்வளவு தூரம் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். ஹெக்சேனும் அசிட்டோனும் கலந்த கரைப்பான்தான் அங்கே வழக்கம். இரண்டு பொட்டும் ஒரே உயரத்தில் நின்றன.

"அதான் ஒத்துப்போச்சே, எழுதிடும்மா," என்றார் மேலதிகாரி இளவரசு.

"இந்தக் கலவையில வேற மருந்துங்களும் இதே உயரத்துக்கு வரும் சார். கரைப்பானை மாத்திப் பாத்துடறேன்."

"சாம்பாருக்கு உப்பு பாக்கற மாதிரி எத்தினி தடவ பாப்பே? வயித்துலேர்ந்து எடுத்ததுல மிச்சம் ஒரு சொட்டு. அதையும் தீத்துட்டா அப்புறம் இன்னா பண்ணுவே?"

நியாயமான கேள்விதான். அதனால் அந்தச் சொட்டை அவள் உடனே தொடவில்லை. அதே உயரத்துக்கு வரும் மற்ற மருந்துகளை டப்பா மருந்தோடு வைத்து, கலவை கலவையாக ஓட்டிப் பார்த்தாள். அசிட்டோனைக் கூட்டினால் எல்லாம் மொத்தமாக உச்சிக்கு ஓடின. ஹெக்சேனைக் கூட்டினால் நகரவே மாட்டேன் என்றன. கரைப்பானையே மாற்றி, டொலுயினில் கொஞ்சம் எத்தில் அசிட்டேட் சேர்த்தபோதுதான் தனித்தனியே நின்றன.

பிறகு கடைசிச் சொட்டைப் பாதி தனியாகவும், பாதி டப்பா மருந்தின் மேலேயும் வைத்தாள்.

டப்பா மருந்து பாதியில் நின்றது. வயிற்றில் இருந்தது அதைத் தாண்டிப் போயிருந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த பொட்டும் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆனால் வயிற்றில் இருந்தது அவளிடமிருந்த வேறெந்த மருந்தின் உயரத்தோடும் ஒத்துப்போகவில்லை.

"இரண்டும் ஒன்றல்ல. இறந்தவர் உட்கொண்டது எது எனக் கண்டறிய இயலவில்லை" என்று அறிக்கை எழுதினாள். இளவரசு இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கோர்ட்டிலும் அதையே சொன்னாள். வினோதினி விடுதலையானாள். வராந்தாவில் அவளே கிட்ட வந்தாள்.

"உங்களாலதான்க்கா வெளிய வந்தேன்."

லலிதாம்பிகை தலையசைத்தாள்.

"அது இன்னா மருந்துன்னு சொல்லியிருந்தீங்கன்னா வீட்டுக்கும் போயிருப்பேன். அது இல்லாட்டி வேற எதையோ குடுத்திருப்பான்னு ஊர்ல இன்னும் என்னைத்தான் சொல்றாங்க. எம் புள்ளைக்கிகூட என் கையால சோறு போட வுட மாட்றாங்க."

லலிதாம்பிகை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.