பாறை மாத்திரை

அக்காவுக்குத் தைராய்டு அதிகம் என்று தெரிந்ததும் டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான். அவள் வீடு கிள்ளானில். பிரிக்பீல்ட்ஸிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். டாக்டர் சின்ன வயது சீனப் பெண். அக்காவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு என்பதால் அவர் மலாயில்தான் ஆரம்பித்தார். நான்தான் குறுக்கே விழுந்து, இங்கிலீஷில் சொல்லுங்கள், நான் விளக்கிச் சொல்கிறேன் என்றேன். படித்தவன் என்ற மிதப்பு. காரை வேறு மஞ்சள் கோட்டில் நிறுத்திவிட்டு வந்திருந்தேன்.

மாத்திரையை விடக்கூடாது, அயோடின் உள்ள எதுவும் ஆகாது, முக்கியமாக சீவீட் வேண்டாம் என்றார்.

"கடல்பாசி சாப்பிடக் கூடாதாம்க்கா" என்றேன்.

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "அதுவுமா?"

நான் நினைத்தது ஜப்பான் கடையில் சோற்றைச் சுற்றித் தரும் அந்தக் கறுப்புத் தாளை. எங்கள் வீட்டில் கடல்பாசி என்றால் ஒன்றுதான்: அகர் அகரைக் காய்ச்சித் தேங்காய்ப்பால் ஊற்றி, ஆறவிட்டு அவள் வெட்டித் தரும் வில்லைகள். இதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்தத் தீபாவளிக்கு முறுக்கு இருந்தது, கடல்பாசி இல்லை.

"டாக்டர் வேணாம்னுட்டாங்க லா தம்பி. வாயக் கட்டிட்டேன்."

அதுவும் கடலில் விளைவதுதானே, விட்டதில் தப்பில்லை என்று நினைத்து, "நல்ல பிள்ளை" என்று கிண்டல் செய்தேன். தட்டை நீட்டிய அவள் கை நடுங்கியது. பார்த்தேன். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் பாசாரில் காய்கறி வாங்கும்போது மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இதயம் தாறுமாறாக ஓடுகிறது என்றார்கள். அவள் சாப்பிடுகிற எல்லா மருந்தையும் கொண்டுவரச் சொன்னார்கள். அவள் மகள் ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்தாள். அதில் நான் பார்த்தேயிராத ஒரு போத்தல். மேலே படம்: ஈரப் பாறையில் ஒட்டிக்கிடக்கும் பழுப்புச் செடி, இலையெல்லாம் கொப்புளம் கொப்புளமாக.

"பாறை மாத்திரை மாமா. உடம்பு இளைக்கிறதுக்கு. அம்மா அப்படித்தான் சொல்வாங்க."

டாக்டர் லேபிளைப் படித்தார். குளிர்நாட்டுக் கரையோரப் பாறைகளில் வளரும் சீவீட், அயோடின் மிக அதிகம் என்றார். இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இதை அவர் தொட்டிருக்கவே கூடாது, யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார்.

தீபாவளிக்குக்கூட ஒரு வில்லை தொடாதவள், இதைக் காலையும் மாலையும் விழுங்கியிருக்கிறாள். அவளைப் பொறுத்தவரை அது கடல்பாசியே இல்லை.

மூன்றாம் நாள் அக்கா போய்விட்டாள்.

கருமாதி முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு மகள் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "அந்தப் போத்தல நான்தான் மாமா ஆன்லைன்ல வாங்கிக் கொடுத்தேன். நான்தான் அம்மாவக் கொன்னுட்டேன்."

"அப்படிப் பேசாதமா. உனக்கு என்ன தெரியும்" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன். மாமா மாதிரி யாரும் இல்லை என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். சீவீட்டைக் கடல்பாசி என்று மட்டும் விளக்கியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. தான்தான் அம்மாவைக் கொன்றதாக அவள் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.