லோகாம்பாள் வைத்த மஞ்சள்

பிள்ளையார்பாளையத்துக்குக் கடல் தாண்டிய ஆள் யாராவது வந்துவிட்டால் லோகாம்பாளைப் பிடித்து வைக்க முடியாது. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த பக்கத்துத் தெருக்காரனானாலும் சரி, பட்டுப் புடவை பார்க்க வந்த வெள்ளைக்காரியானாலும் சரி, சுற்றிக்கொண்டிருந்த நூலை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். அந்த ஊரில் அரிசி கிடைக்குமா, மழை எப்போது பெய்யும், கோயில் உண்டா என்று வளைத்து வளைத்துக் கேட்டு, கடைசியில் தவறாமல் ஒரு கேள்விக்கு வந்து சேருவாள்.

"அங்க நம்ம ஊரு ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?"

தெருவில் இதை அவளுடைய கிறுக்கு என்றார்கள். கிறுக்கு ஒன்றுமில்லை. அவள் புருஷன் ராமலிங்கம் கல்யாணமான மறு வருஷமே ரங்கூனுக்குக் கப்பலேறியவன். அங்கே போய் இறங்கிவிட்டதாகச் சேதி வந்தது. அப்புறம் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான் என்று சேதி வந்தது. ராமலிங்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சேதியும் வரவில்லை. சண்டை முடிந்தது, சுதந்திரம் வந்தது, தேர்தல்கள் வந்து போயின. அறுபத்து நாலில் பர்மாவிலிருந்து விரட்டப்பட்டவர்கள் கப்பல் கப்பலாக மெட்ராஸில் வந்து இறங்கியபோது, கொழுந்தன் கலியாணசுந்தரத்தை இழுத்துக்கொண்டு துறைமுகத்துக்கே போய் நின்றாள். இறங்கியவர்களை எல்லாம் கேட்டாள். ஒரு கிழவர் மட்டும் ராமலிங்கம் என்று ஒருத்தரைத் தெரியும் என்றார். விசாரித்ததில் அது மாயவரத்து ராமலிங்கம்.

கொழுந்தன் வீட்டில்தான் அவள் இருந்தாள். கலியாணசுந்தரம் தறியில் உட்கார்ந்தால் வாய் திறக்காத மனுஷர். அவர் மனைவி கமலவேணிக்கு அந்த வாயும் சேர்த்துக் கிடைத்திருந்தது. அவர்களுக்கு வள்ளி என்று ஒரே பெண். லோகாம்பாளைப் பெரிம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு அவள் மடியிலேயே வளர்ந்தவள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தறியிலிருந்து எந்தத் துணியை அறுத்து இறக்கினாலும், அதன் முனையில் வீட்டுக்கு மூத்த சுமங்கலி ஒரு விரல் மஞ்சள் வைக்க வேண்டும். வைக்காமல் துணி வாசலைத் தாண்டாது. மாமியார் போன பிறகு அந்த வேலை லோகாம்பாளுக்கு வந்தது. வெண்கலக் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு அவள் தறி மேடைக்கு வரும்போது கலியாணசுந்தரமே எழுந்து நிற்பார். புருஷன் இருக்கிறானா இல்லையா என்று உலகமே சந்தேகப்பட்டாலும் அந்தக் கிண்ணம் சந்தேகப்பட்டதில்லை. அதனாலேயே அது அவளுக்கு உயிர்.

அந்தக் கிண்ணத்துக்குத்தான் ஆபத்து வந்தது. ஐயம்பேட்டையில் வள்ளிக்கு ஒரு நல்ல இடம் கூடி வந்தது. பையனுக்குச் சொந்தத் தறி, கெட்ட பழக்கம் இல்லை, வள்ளிக்கும் பிடித்திருந்தது. பங்குனி உத்திரத்தை ஒட்டி முகூர்த்தம் என்றும் பேசியாகிவிட்டது. வெற்றிலை மாற்றும்போது பையனின் அம்மா ரேணுகாம்பாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"தப்பா நெனைச்சிக்காதீங்கமா. பெரிய சம்பந்தியம்மா சுமங்கலியா, இல்லையா? நீங்களே ஒரு முடிவுக்கு வந்துடுங்க. ரெண்டும் இல்லாம மணவறையில வந்து நின்னா நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எல்லாரும் அதைத்தானே சொல்லுவாங்க?"

ரேணுகாம்பாளைத் திட்டுவது சுலபம். ஆனால் அவள் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. தெரு முணுமுணுத்ததை உட்கார்ந்து உரக்கச் சொன்னாள், அவ்வளவுதான். காணாமல் போனவனுக்குச் சர்வதீர்த்தக் குளக்கரையில் தர்ப்பையில் பொம்மை செய்து கொளுத்திக் கருமாதி முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் வழி சொன்னார்கள். பிறகு தாலி இல்லை, குங்குமம் இல்லை, கிண்ணமும் இல்லை. வள்ளியின் முகத்தைப் பார்த்தாள் லோகாம்பாள். மாசி அமாவாசைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அது தை மாதம். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்த ராஜகோபால் ஒரு வெள்ளைக்காரரோடு வந்து சேர்ந்ததும் அப்போதுதான். பெயர் நிக்கோலஸ். மெட்ராஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர். தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்காகப் போட்டுக்கொள்ளும் பட்டைகள் வேண்டுமாம். வெள்ளைப் பட்டு, இரண்டு பக்கமும் மடங்கி மடங்கி ஓடும் நீலக் கரை. அவருடைய ஊர்ச் சங்கத்து ஆண்டு விழாவில் நிர்வாகிகள் போட்டுக்கொள்வார்களாம்.

லோகாம்பாள் ராட்டையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"என்ன சங்கம்பா அது? கட்சியா?"

"கட்சி இல்லமா. கிரேக்க வம்சத்துக்காரங்க சங்கம். இவுங்க தாத்தாங்க எல்லாம் கிரேக்க தேசத்துலேர்ந்து ஆஸ்திரேலியாவுக்குப் பொழைக்கப் போனவங்க. போன எடத்துல அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணா சேர்ந்து வச்சிக்கினாங்களாம்."

"அதுல என்ன பண்ணுவாங்க?"

ராஜகோபால் சலித்துக்கொண்டே அதை இங்கிலீஷில் கேட்டார். நிக்கோலஸ் சலித்துக்கொள்ளவில்லை. இப்படி ஒருவர் அக்கறையாகக் கேட்டது அவருக்குப் பிடித்துப்போயிற்று. சீக்கில் படுத்தவர்களை முறைபோட்டுப் பார்த்துக்கொள்வார்கள். புதிதாக வந்தவனுக்கு வேலை தேடித் தருவார்கள். பிள்ளைகளுக்குத் தாத்தா பேசின பாஷையைச் சொல்லித் தருவார்கள். வருஷத்துக்கு ஒருதரம் கூடி ஆடிப் பாடிச் சாப்பிடுவார்கள்.

"யாராச்சும் செத்துட்டா சங்கத்துக்காரங்களே தூக்குவாங்களாம்," என்று ராஜகோபால் மொழிபெயர்த்தார். "அப்புறம் அவரு பொறந்த ஊருக்குச் சேதி சொல்லியாகணுமாம். அது அவுங்க சட்டமாம்."

"கட்டாயமா சொல்லுவாங்களா?"

"கட்டாயமா."

"ஏம்பா, ரங்கூன்ல நம்ம ஊருக்காரங்களுக்கு இந்த மாதிரி ஒரு சங்கம் இருந்திருக்குமா?"

ராஜகோபாலுக்கு ரங்கூனும் தெரியாது, சங்கமும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்து, "இருந்திருக்கும்மா," என்று சொல்லிவைத்தார்.

போதாதா? பட்டைகள் தறியில் ஓடிய நாளெல்லாம் லோகாம்பாளுக்குள் அந்தச் சங்கமும் ஓடியது. சங்கம் இருந்து, ராமலிங்கம் செத்திருந்தால் சேதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியென்றால் உயிரோடு இருக்கிறார். சங்கமே இல்லாதிருந்தால்? அப்போது செத்தாலும் சொல்ல ஆளில்லை. இரண்டில் எது என்று தெரியாமல் அவள் சுற்றிய நூல் சிக்கிக்கொண்டே இருந்தது.

"போனவங்களுக்கு சங்கம் இருக்குது," என்றாள் கமலவேணியிடம். "வுட்டுட்டுப் போனாங்களே, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு எவன் சங்கம் வச்சான்?"

"நாம வச்சிக்கலாம்கா. நீ தலைவரு, நானு பொருளாளரு."

"உன் புருஷன் தோ தறியில குந்திக்கினு இருக்கான். உன்னைச் சேர்க்க முடியாது, போ."

தறியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. கலியாணசுந்தரம் சிரித்து அந்த வீட்டில் நாளாகியிருந்தது.

பட்டைகளை வாங்க நிக்கோலஸ் வந்த அன்று ராஜகோபால் கட்டைப் பிரித்தார். பிரித்தவர் அலறினார். வெள்ளை வெளேரென்ற பட்டின் முனையில், ஒன்று விடாமல் ஒவ்வொன்றிலும், ஒரு விரல் மஞ்சள்.

"யாரும்மா இது? விழாவுல போடுற துணியில கறை!"

"கறை இல்லபா. நான்தான் வச்சேன். வைக்காம இந்த வீட்டுத் துணி வெளிய போவாது."

ராஜகோபால் அதற்குள் ஒன்றை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடி, சோப்புப் போட்டுக் கசக்கினார். மஞ்சள் போகவில்லை. ரத்தச் சிவப்பாக மாறியது. கமலவேணி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நிக்கோலஸுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. முனைகளை மடித்துக் குஞ்சம் தைத்துவிடுவார்கள், மஞ்சள் உள்ளே போய்விடும், யார் கண்ணிலும் படாது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். பிறகு ஏன் வைக்கிறார்கள், யார் வைப்பார்கள் என்று கேட்டார். புருஷன் உயிரோடு இருக்கிற மூத்த பெண் வைப்பாள் என்று ராஜகோபால் சொன்னார். இந்த அம்மாவின் புருஷன் எங்கே என்று கேட்டார் நிக்கோலஸ். கலியாணசுந்தரம்தான், "எங்க அண்ணன் ரங்கூன் போனாரு. சேதி இல்ல," என்றார்.

நிக்கோலஸ் தறி மேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, தன் தாத்தாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ராஜகோபால் சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார்.

"அது வேணாம்மா. வேற விஷயம்."

"நிறுத்தாதபா. அவரு சொன்னதை அப்படியே சொல்லு."

ராஜகோபால் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நிக்கோலஸின் தாத்தா ஒரு சின்னத் தீவில் பிறந்தவர். அங்கே கட்டிய பெண்டாட்டியை விட்டுவிட்டு ஆஸ்திரேலியா போனார். மீன் வறுத்து விற்கும் கடை வைத்தார். கொஞ்ச நாளில் ஊருக்குச் சேதி அனுப்புவதை நிறுத்திவிட்டு இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தினார். நிக்கோலஸ் அந்த இன்னொருத்தியின் பேரன். தாத்தா செத்ததும் சங்கத்தின் சட்டப்படி ஊருக்குச் சொல்லியாக வேண்டும். சங்கத்துக் கிழவர் ஒருவர் தீவுக்குப் போகிறபோது நேரில் போய்ச் சொன்னார். அந்த ஊரில் புருஷன் செத்தால் ஆயுசுக்கும் கறுப்புத்தான் உடுத்துவார்களாம். அந்த அம்மாள் அதுவரை கறுப்பு உடுத்தாமலே இருந்திருக்கிறாள். ஊரே சொல்லியும் கேட்கவில்லையாம். கிழவர் சொன்னதைக் கேட்டு அவள் அழவில்லை. அவருக்கு அங்கே பேரப்பிள்ளைகள் உண்டா என்று மட்டும் கேட்டாள். உண்டு என்றதும், காய்ந்த அத்திப்பழத்தை நாரில் கோத்து, பிள்ளைகளுக்குக் கொடு என்று கட்டிக் கொடுத்தாள். சின்ன வயசில் அதைத் தின்றவர்களில் நிக்கோலஸும் ஒருவர்.

"அப்புறம் அந்தம்மா கறுப்பு கட்டிக்கினாங்களா?" என்றாள் லோகாம்பாள்.

நிக்கோலஸுக்குத் தெரியவில்லை. கிழவர் அதைக் கேட்டு வரவில்லையாம்.

அவர்கள் போன பிறகு லோகாம்பாள் ராமலிங்கத்தைத் திட்டினாள். இத்தனை காலத்தில் அதுதான் முதல் தடவை. குண்டில் செத்திருப்பார், ஊர் திரும்பக் காட்டு வழியே நடந்து சுருண்டிருப்பார், ஜெயிலில் இருப்பார் என்று எல்லாவிதமாகவும் நினைத்து அழுதிருக்கிறாள். ஒருத்தி பரிமாற, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடும் ராமலிங்கத்தை அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"சோறு போட ஒருத்தி கெடைச்சா, எனக்குச் சேதி சொல்ல ஒருத்தன் கெடைக்கலையாடா உனக்கு?" என்று அடுக்களையில் நின்று கத்தினாள். அப்புறம் உட்கார்ந்து அழுதாள். வள்ளி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை கொழுந்தனிடம் வந்தாள். "அமாவாசைக்கு ஐயர்கிட்ட சொல்லி வச்சிருக்கியே, வேணாம்னு சொல்லிடுபா."

"அண்ணி, வள்ளி கல்யாணம்..."

"வள்ளிக்காகத்தான் ஒத்துக்கினேன். முடியலபா. அவரு இருக்காரா இல்லையா, யாரு கூட இருக்காரு, எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாத மனுஷனைப் புல்லுல பண்ணி நான் கொளுத்த மாட்டேன். அவரு செத்ததைக் கூட இருந்தவங்கதான் வந்து சொல்லணும். நானா எப்படிச் சொல்றது?"

ராத்திரி 'டா' போட்டுத் திட்டியவளுக்கு விடிந்ததும் அவர் மறுபடி 'அவரு' ஆகிவிட்டார். கலியாணசுந்தரம் அதைக் கவனித்தார். சரி அண்ணி என்று சொல்லிவிட்டுத் தறிக்குழியில் இறங்கினார்.

சம்பந்தி வீட்டுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. முகூர்த்தப் புடவையைப் பெண்ணின் அப்பாவே நெய்யட்டும் என்று ரேணுகாம்பாள் பட்டும் ஜரிகையும் கொடுத்திருந்தாள். அறுத்து இறக்கும் அன்று அவளே வந்தாள். அரக்குச் சிவப்புப் புடவையைப் பார்த்துப் பூரித்துப் போனவள், கிண்ணத்தோடு வந்த லோகாம்பாளின் நெற்றியைப் பார்த்தாள். குங்குமம் அப்படியே இருந்தது.

"அமாவாசைக் காரியம்...?"

கமலவேணி லோகாம்பாளின் காதருகே குனிந்தாள். "உள்மடிப்புல வச்சிடுக்கா. அந்தத் தொரை சொன்ன மாதிரி. வெளிய தெரியாது."

லோகாம்பாளுக்கு மெதுவாகப் பேச வராது. "உள்ள மடிக்கறது அந்த ஊருத் துணிக்குச் சரி. நம்ம வள்ளி புடவையில மேலதான் இருக்கணும்." பிறகு ரேணுகாம்பாளின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "காரியம் நடக்கல சம்பந்தி. ஏன்னு சொல்றேன், கேளுங்க. கேட்டப்புறம் வேணாம்னா சொல்லுங்க. கமலவேணி வைக்கட்டும், நான் உள்ள போயிடறேன்."

சொன்னாள். சங்கத்தை, சட்டத்தை, தீவை, அத்திப்பழத்தை. வள்ளி கதவோரம் வந்து நின்றாள். முடிந்ததும் ரேணுகாம்பாள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பொம்பள அதுக்கப்புறம் கறுப்பு கட்டிக்கினாளா?"

"தெரியல சம்பந்தி. நானும் அதைத்தான் கேட்டேன். கேக்காம வந்துட்டானாம் அந்தக் கெழவன்."

"ஆம்பளைங்க கையில சேதி சொல்லி அனுப்பினா இப்படித்தான்," என்று அலுத்துக்கொண்டாள் ரேணுகாம்பாள். குனிந்து புடவையின் முந்தானை முனையை எடுத்துத் தன் முழங்காலில் விரித்து, லோகாம்பாளுக்கு நேராகப் பிடித்தாள்.

"வைங்கமா. நல்லாத் தெரியற மாதிரி வைங்க."