‘செ’ குத்திய பிளாக்

சென்னியப்பன் ‘ஆகாதுங்க’ என்று சொன்னால்தான் எனக்குச் சாப்பாடு. அவருடைய எஞ்சின் போரிங் பட்டறைக்கு அடுத்தது என் பழைய இரும்புக் கடை. எஞ்சினின் வார்ப்பு உடம்பான பிளாக் தேறாவிட்டால், அதை யாரும் திரும்பத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். பத்தடி நகர்த்தி என் தராசில் ஏற்றிவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். மங்கலம் ரோட்டில் பதினேழு வருசமாக நாங்கள் இரண்டு பேரும் இப்படித்தான் பிழைத்தோம். அதற்காக நான் அவருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு அவர் மேல் கோபம். இன்றைக்கும் தீரவில்லை.

ஆள் குட்டை. நெற்றியில் மூன்று விரல் திருநீறு, இடுப்பில் கிரீஸ் துணி. தறிக்காரக் குடும்பம், முருகனைத் தவிர வேறு யாருக்கும் பயப்படாதவர். கிருத்திகை அன்றைக்கு மட்டும் பட்டறைக் கதவு திறக்காது. மற்ற நாளெல்லாம் காலை எட்டு மணிக்கு அந்தக் குட்டைக் காலில் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பழைய பிளாக்கைப் பார்த்து, இதை மறுபடி கட்டினால் ஓடுமா, இல்லை இரும்புதானா என்று சொல்வது அவர் வேலை. பிஸ்டன் ஓடுகிற துளையைக் கடைந்து போர் அடிப்பது அதற்குப் பிறகுதான்.

அவர் பார்க்கிற விதத்தை ஒரு நாள் முழுக்க நின்று பார்க்கலாம். முதலில் டீசல் ஊற்றிக் கழுவி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பார். அப்புறம் செயினில் தொங்கவிட்டு, கைச் சுத்தியால் தட்டிக் காதைக் கிட்டே கொண்டு போவார். நல்ல பிளாக் கோயில் மணி மாதிரி கணீர் என்று பேசும், விரிசல் விட்டது மண்சட்டி மாதிரி முனகும். அதோடு விட மாட்டார். மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மேலே சாக்பீஸ் பொடியைத் தூவி, பீடி ஒன்று முடிகிற வரைக்கும் காத்திருப்பார். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் தலைமுடி மாதிரி ஒரு கோடு விழும். கடைசியில் தண்ணி டெஸ்ட். பிளாக்குக்குள் தண்ணீர் ஓடுகிற வழிகளை எல்லாம் தகடு போட்டு அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, தொட்டியில் முக்குவார். குமிழி வந்தால் ஓட்டை.

இத்தனையும் பார்த்துவிட்டு ஒரு வார்த்தைதான் சொல்வார். ‘ஆகுமுங்க’ அல்லது ‘ஆகாதுங்க’. ஆகும் என்றால் பிளாக்கின் ஓரத்தில் சுண்டு விரல் நகம் அளவுக்கு ‘செ’ என்று ஒரு குத்து குத்துவார். அந்த எழுத்து இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் பல்லடத்திலும் காங்கயத்திலும் மெக்கானிக்குகள் பழைய எஞ்சின் வாங்குவார்கள். கட்சிக்காரர் ஒருவர் நாலு ஆளோடு வந்து, எப்படியாவது ஆகும் என்று சொல்லச் சொல்லி மிரட்டினார். “நானாங்க கொல்றேன்? அது செத்துத்தானுங்க வந்துச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த பிளாக்கைத் தட்டப் போய்விட்டார்.

அவருக்கு ஒரே மகள், அனுப்ரியா. தாய் இல்லாத பிள்ளை. பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் தரணீதரனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். தரணி சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்து, நிட்டிங் கம்பெனிகளிலிருந்து துணி ரோல்களைச் சாயப்பட்டறைக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். தங்கமான பையன், ஆனால் அவன் அம்மா ராமுத்தாய் பேச்சுக்கு முன்னால் வாய் திறக்க மாட்டான். கல்யாணமான இரண்டாம் வருசம் அனு அடுப்பில் வைத்த பாலை மறந்து பாத்திரம் கருகிவிட்டது. ஒரு பாத்திரம்தான். ‘பொறுப்பில்லாதவ’ என்று ராமுத்தாய் அவளைக் கைக்குழந்தையோடு அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மூன்று மாசம் கிடந்தாள். அந்த மூன்று மாசமும் சென்னியப்பன் யாரோடும் பேசியதை நான் பார்க்கவில்லை. கடைசியில் தரணியே வந்து கூட்டிப் போனான். இன்னொரு தரம் ஏதாவது ஆனால் திரும்ப வர வேண்டாம், அங்கேயே இருந்துகொள்ளட்டும் என்று ராமுத்தாய் ஊர் கேட்கச் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த லோடு வண்டியை நாலு வருசத்துக்கு முன்னால் தரணி வாங்கும்போது அதன் எஞ்சின் செத்துப் போயிருந்தது. மாமனார் பிளாக்கைப் பார்த்து ஆகும் என்று சொன்ன பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தான். அன்றைக்குத் தண்ணி டெஸ்டுக்கு அந்தப் பிளாக்கை ஒரு பக்கம் பிடித்துத் தொட்டியில் இறக்கியவன் நான்தான். கால் மணி நேரம் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழி வரவில்லை. அவரே ‘செ’ குத்தினார், கொஞ்சம் ஆழமாகவே.

போன பங்குனியில் அந்த வண்டி அவிநாசி ரோட்டில் துணி ரோல்களோடு நின்றுவிட்டது. எஞ்சின் கொதித்து, உள்ளே பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டது. தரணி பிளாக்கைக் கழற்றி ஒரு ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“வண்டி இல்லீன்னா கம்பெனிக்காரங்க வேற ஆளுக்கு லோடு குடுத்துருவாங்க மாமா. எப்புடியாச்சும் இதையே தேத்தோணுமுங்க.”

“பாக்கலாமுங்க மாப்ள. ரேடியேட்டருக்குத் தண்ணி என்னங்க ஊத்துனீங்க?” சென்னியப்பன் எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

“நீங்க சொன்ன மாதிரி நல்ல தண்ணியேதானுங்க. அனு தெனமும் காலையில ரெண்டு பாட்டல் புடிச்சு வண்டியில வெச்சுருவா. ஒரு நாள் கூட மறந்ததில்லீங்க.”

சென்னியப்பன் தலையை ஆட்டிவிட்டுச் சுத்தியை எடுத்தார். தட்டினார், கணீர் என்றது. தரணி மூச்சு விட்டான். சாக்பீஸ் பொடி தூவினார், கோடு விழவில்லை. போர் அளந்து பார்த்தார், இன்னொரு சுற்று அடிக்க இடம் இருந்தது. தரணி சிரித்தே விட்டான். வெளியே போய் கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டு, நாலே நாளில் வண்டி ரெடியாகிவிடும் என்று சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தான்.

நானும் அவரும் பிளாக்கைத் தொட்டியில் இறக்கினோம். இரண்டாவது போரின் சுவரிலிருந்து ஊசிமுனைக் குமிழி ஒன்று மேலே வந்தது. அப்புறம் அதற்குப் பக்கத்தில் ஒன்று. அப்புறம் வரிசையாக. சென்னியப்பன் பிளாக்கை மேலே தூக்கி வைத்து, பக்கவாட்டில் தண்ணீர் வழியை அடைத்திருக்கிற தகர மூடியைத் தட்டிக் கழற்றினார். உள்ளே விரலை விட்டுச் சுரண்டினார். நகத்தில் வெள்ளையாகப் பொருக்கு வந்தது. நாக்கில் வைத்தார். மிச்சத்தை என் உள்ளங்கையில் தட்டினார்.

உப்பு.

எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இரண்டு தண்ணீர். குழாயில் எட்டு நாளைக்கு ஒரு முறை வருகிற ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணி. அதைக் குடம் குடமாகப் பிடித்து, எண்ணி எண்ணிச் செலவழிப்பார்கள். வீட்டு ஆழ்துளைப் போரில் வருவது உப்புத் தண்ணி. அதைக் கொட்டிக் கவிழ்க்கலாம், கேட்பாரில்லை. ஆறாம் நாள் குடம் காலியாகும்போது, குழந்தை குடிக்கிற தண்ணீரை இரும்புக்கு ஊற்ற எந்தத் தாய்க்கு மனசு வரும்? புருசன் நல்ல தண்ணி வை என்றிருப்பான். இவள் சரி என்று சொல்லிவிட்டு போர்க் குழாயில் பிடித்து வைத்திருப்பாள். பார்க்க எல்லாம் ஒரே தண்ணீர்தானே. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்த உப்பு நாலு வருசமாகச் சுவரை உள்ளேயிருந்து தின்றுவிட்டது. வெளியே கணீர் என்று பேசுகிற பிளாக் உள்ளே அப்பளம் மாதிரி இருந்தது. சென்னியப்பன் ஒரு குத்தூசியை வைத்து லேசாக அழுத்தினார், உள்ளே போய்விட்டது. துளைக்குள் புதுக் குழாயாக ஸ்லீவ் போட்டாலும் பிடிக்க இடமில்லை.

வெளியே தரணி இன்னும் போனில் சிரித்துக்கொண்டிருந்தான்.

சென்னியப்பன் கிரீஸ் துணியால் அந்த வெள்ளைப் பொருக்கைத் துடைத்தார். தகர மூடியைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து அடித்தார். நாலு வருசத்துக்கு முன்னால் குத்திய ‘செ’ மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

தரணி உள்ளே வந்தான். “ஆகுமுங்களா மாமா?”

“ஆகாதுங்க மாப்ள.”

“தட்டுனப்ப நல்லாத்தானுங்க சத்தம் வந்துச்சு?”

“வார்ப்புலயே ஓட்டைங்க. அது பொறக்கும்போதே இருந்துருக்குது. நீங்க வாங்குன அன்னிக்கு நான் தண்ணி டெஸ்ட் போடாம உட்டுட்டேன். அவசரத்துல குத்திப் போட்டேன். என்ற தப்புதானுங்க.”

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிப் போனேன்.

தரணி அந்தப் பழைய ‘செ’வைத் தடவிப் பார்த்தான். “நீங்க சொன்னீங்கன்னுதானுங்களே மாமா அந்த வண்டியவே வாங்குனேன்” என்றான். அவ்வளவுதான். வாங்கி வைத்த டீயைக் குடிக்காமல் போய்விட்டான்.

அவன் தலை மறைந்ததும் நான் கத்தினேன். “என்ன அண்ணாச்சி இப்படிப் பொய் சொன்னீக? நான்தான தொட்டியில இறக்குனேன்? ஒரு குமிழி வந்துச்சா அன்னைக்கு? உங்க பேரை நீங்களே கெடுத்துக்கிட்டீகளே!”

“பேரு கெட்டா பட்டறைதானுங்க மூடும், முனீசு. உப்புன்னு சொன்னா, அவ ரெண்டு பாட்டலையும் தூக்கிட்டு இங்க வந்து நிப்பா. இந்தத் தடவை யாரும் கூப்புட வர மாட்டாங்க.” என் சம்மட்டியைக் காட்டினார். “இப்பவே ஒடச்சுப் போடுங்க. யாரு கண்ணுலயும் பட வேண்டாம்.”

சம்மட்டியை எடுத்து உடைத்தேன். அவர் பக்கத்திலேயே நின்றார். உடைய உடைய உள்ளே வெள்ளை வெள்ளையாக இருந்தது. அந்த ஆத்திரத்தில் தேவைக்கு மேலேயே அடித்தேன்.

பொய்யை இவ்வளவு நன்றாகச் சொல்லக்கூடிய ஆள் என்று எனக்குத் தெரியாது. ஊர் அப்படியே நம்பியது. தரணி லோடு ஸ்டாண்டில் வயிற்றெரிச்சலில் சொன்னது ஒரு வாரத்தில் காங்கயம் தாண்டி வெள்ளகோவில் வரைக்கும் போய்விட்டது. சொந்த மாப்பிள்ளைக்கே டெஸ்ட் போடாமல் குத்தியவன் அடுத்தவனுக்கு என்ன பார்த்திருப்பான் என்றார்கள். கேட்டதில் தப்பில்லை. ‘செ’ குத்திய பிளாக்குகளை வேறு பட்டறைக்குக் கொண்டு போய் மறுபடி பார்த்தார்கள். அங்கே எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் யாரும் திரும்பி வரவில்லை. வைகாசியில் வாரத்துக்கு ஒரு பிளாக் வந்தது. ஆடியில் அதுவும் இல்லை. அவர் எட்டு மணிக்குக் கதவைத் திறந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் தராசும் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. நான் அவரோடு இரண்டு மாசம் சரியாகப் பேசவில்லை.

தரணி வண்டியை எஞ்சின் இல்லாத வெறும் உடம்பாக விற்றுவிட்டு, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டிரைவராகச் சேர்ந்தான். ராமுத்தாய்க்குச் சம்பந்தியைத் திட்டவே நேரம் சரியாக இருந்தது, மருமகளை விட்டுவிட்டாள். அவர் நினைத்தது நடந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

போன மாசம் ஒரு காலையில் கம்பெனி வேன் எதிர் ஓரத்தில் வந்து நின்றது. தரணி இறங்கவில்லை, இந்தப் பக்கம் திரும்பவும் இல்லை. அனு மட்டும் இறங்கி வந்தாள். ஆளே இளைத்திருந்தாள். என்னைப் பார்த்து “நல்லாருக்கீங்களாண்ணா” என்று கேட்டுவிட்டு அப்பாவிடம் போனாள். சென்னியப்பன் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

“அவரு ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்லீங்கப்பா. முதலாளியா இருந்தவரு, இப்ப கண்டவங்க பேச்சும் கேட்டுட்டு வர்றாரு. நீங்க அன்னிக்கு ஒழுங்காப் பாத்திருந்தா எங்களுக்கு இந்த நெலமை வருமுங்களா?”

“வந்திருக்காது கண்ணு.”

“ஊருக்கெல்லாம் பாத்தீங்க. எங்களுக்குப் பாக்கறதுக்கு உங்களுக்கு மனசில்ல.”

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கப் பையிலிருந்து இரண்டு காலி பாட்டில்களை எடுத்துக்கொண்டு பட்டறை ஓரத்துக் குழாய்க்குப் போனாள். “வேன் சூடாகுதாமுங்க. தண்ணி கேட்டாரு.”

அது போர்க் குழாய். ஒரு பாட்டில் நிறைந்து இரண்டாவது பாதி வரும்போது சென்னியப்பன் போய் இரண்டையும் அவள் கையிலிருந்து வாங்கினார். மண்ணில் கொட்டினார். உள்ளே போய், தான் குடிக்க வாங்கி வைத்திருந்த கேனைச் சாய்த்து, சொட்டுச் சிந்தாமல் இரண்டு பாட்டிலையும் நிரப்பினார். கேனில் அடிமட்டம்தான் மிச்சம் இருந்தது. நான் சம்மட்டியைக் கீழே வைத்தேன். இப்போதாவது சொல்லித் தொலைக்கட்டும் என்று பார்த்தேன். அவர் மூடியை முறுக்கி அவளிடம் நீட்டினார்.

“இனிமே தண்ணி வேணுமுன்னா இங்க வந்து வாங்கிக்க கண்ணு. வேற எங்கயும் புடிக்க வேண்டாம்.”

அனு பாட்டில்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “குடிக்கற தண்ணி எது, வண்டிக்கு ஊத்தற தண்ணி எதுன்னு கூட உங்களுக்குத் தெரிய மாட்டேங்குதுங்கப்பா. வயசாயிருச்சு உங்களுக்கு.”

“ஆமா கண்ணு” என்றார் சென்னியப்பன்.