ஜெயந்தி போட்ட கீறல்

போன மாதம் ஒரு காலையில் ஜெயந்தியின் மகள் தொலைபேசியில் அழைத்து, "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி" என்றாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இவளுக்கு ஊரே திரண்டு வருமே, எனக்கு யார் வருவார்கள் என்ற பொறாமைதான் வந்தது. அவளை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களிடம் இதை மறைத்துப் பயனில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் புனேயில் ஓர் உணவு ஆய்வுக்கூடத்தில் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அவளுக்குத் தூத்துக்குடி, எனக்குக் கோயம்புத்தூர். மீன் எண்ணெய் மாத்திரை தின்றால் ஆரோக்கியமானவர்களின் பசி கூடுமா, குறையுமா என்று பார்க்கும் ஆய்வு வந்தபோது, அது எனக்குத்தான் என்று வீட்டில் சொல்லியே வைத்திருந்தேன். பொறுப்பு அவளுக்குப் போனது. மாத்திரை தின்ன வந்த மராத்திக்காரர்கள் அவளைத் 'தாயி' என்று அக்காவாக்கிக்கொண்டார்கள். நான் கடைசிவரை மேடம்.

சில வாரம் மீன் எண்ணெய், சில வாரம் சூரியகாந்தி எண்ணெய். எது எப்போது என்று தின்பவருக்குச் சொல்லமாட்டோம். மீன் ஏப்பம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது வேறு விஷயம். சாப்பாட்டுக்கு முன் ஒரு தாள் தருவோம். அதில் ஒரு நீளக் கோடு. இடது முனை பசியே இல்லை, வலது முனை அகோரப் பசி. தன் பசி எங்கே இருக்கிறதோ அங்கே பென்சிலால் கீற வேண்டும். புனேயின் லோஹேகாவ் பகுதியிலிருந்து வந்த தமிழ்க் குடும்பத்தார் கூச்சத்தில் இடது ஓரமாகவே கீறுவார்கள். "விருந்துக்கா வந்திருக்கீங்க? பசிச்சா பசிக்கின்னு போடுங்க, அதுல என்ன வெக்கம்?" என்பாள் ஜெயந்தி.

ஆள் குறைந்தபோது நானும் மாத்திரை தின்னச் சேர்ந்தேன். உதவுவதற்கு அல்ல, கெடுப்பதற்கு. நாலு நாள் வயிறு காந்தக் காந்த இடது முனையில் கீறினேன். அவளுடைய முடிவு குழம்பட்டும் என்றுதான். ஆனால் தட்டில் மிஞ்சுவதை அவள் தராசில் வைப்பாள் என்பது, சூடான கிச்சடியைப் பார்த்ததும் மறந்துபோனது. நாலாம் நாள் என் காலித் தட்டைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சா பத்மா? இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?"

வெட்கம் கெட்டு அதையும் வாங்கித் தின்றேன்.

மேலதிகாரியிடம் சொல்லிவிடுவாள், வேலை போய்விடும் என்று ஒரு மாதம் பயந்துகொண்டிருந்தேன். அவள் சொல்லவில்லை. மீன் எண்ணெய் ஆய்வு பெரிதாக எதையும் நிரூபிக்காமல் முடிந்தது. அடுத்த வருடம் பயறு ஆய்வு என் பொறுப்பில் வந்தது. அவளை ஜெயித்துவிட்டேன் என்று வீட்டில் பாயசம் வைத்தேன்.

காரியத்தன்று மகள் என் பெயர் எழுதிய ஓர் உறையைக் கொடுத்தாள். அம்மாவின் மேசையில் இருந்ததாம். உள்ளே என் நாலு தாள்கள், ஆய்வில் சேர்க்காமல் தனியே எடுத்து வைத்தவை. கடைசித் தாளின் வலது முனையில் ஜெயந்தி தானே ஒரு கீறல் போட்டு, கீழே எழுதியிருந்தாள்: "பத்மாவுக்கு நல்ல பசி. கேக்கத்தான் கூச்சம். பயறு வேலைய அவளுக்குக் குடுக்கச் சொல்லணும்."

அந்தத் தாளை வைத்திருக்கிறேன். இப்படி ஒரு கீறல் போட எனக்கு வராதே என்று, செத்த பிறகும் அவள்மேல் பொறாமையாக இருக்கிறது.