கதவுக்குள் தேங்கிய மழை

துறைமுகப் பட்டறையில் இயந்திரம் பூட்டும் பிற்றராக நான் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் ஒரு கார் இருந்தது. உலக யுத்தத்துக்கு முன்பு செய்த கார். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டபோது, ஓர் அதிகாரி அதைக் கப்பலில் ஏற்ற மனமில்லாமல் எனக்கு விற்றுவிட்டுப் போனார். எனக்கு அது கார். என் மனைவிக்கு அது சக்களத்தி. அப்படித்தான் பல வருடங்களாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு காலம் வந்தது. வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்று, காருக்கு ஓர் உதிரிப்பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது கொண்டாட்டமாக இருந்தது. தண்ணீர்ப் பம்பின் மூடி ஒழுகியபோது மகளின் சப்பாத்துப் பெட்டி மட்டையை வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து இடையில் கொடுத்தேன். விசிறி வார் அறுந்தபோது செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோய்த் தைத்து வந்தேன். அந்தக் கார் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று காட்ட, கதவுத் தூணிலிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும். இடப்பக்கக் கை சரியான சோம்பேறி. மகள் பின்னாலிருந்து தூணில் ஒரு குத்து விட்டால்தான் எழும்பும். எட்டு வயதிலிருந்து அது அவளுடைய உத்தியோகம்.

எனக்கு மிகப் பெரிய பெருமை கதவுகளில்தான். எங்கள் ஊர்க் கடற்காற்று இரும்பைத் தின்று ஏப்பம் விடும். மழைத்தண்ணீர் கண்ணாடி இடுக்கால் இறங்கிக் கதவுக்குள் போகும், கதவு அடியிலிருந்து உக்கும். திருகோணமலையில் எத்தனையோ பழைய கார்களின் கதவுகள் கறையான் அரித்த மாதிரி நின்றன. என் கார்க் கதவுகள் மட்டும் கல்லுப் போல இருந்தன. நான் மாதத்துக்கு ஒருதரம், எஞ்சினிலிருந்து வடித்த கழிவெண்ணெய் அடிப்பதுதான் அதன் இரகசியம் என்று பட்டறையிலும் சந்தையிலும் யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

வீட்டில் தீராத செலவு ஒன்று இருந்தது, கொண்டை ஊசி. நான் வாங்கிக் கொடுக்கக் கொடுக்க மனைவியிடம் நிற்காது. "தலைமயிர் குறையுது, ஊசி மட்டும் கூடக் கூட வேணுமோ?" என்று பகிடி பண்ணுவேன். அவள் முறைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவாள்.

மகளுக்குக் கலியாணம் பேசி முடித்த சமயம். அழைப்புச் சொல்லத் தோப்பூருக்குப் போய்த் திரும்பும் வழியில் மனைவியின் வலது கால் காரின் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போயிற்று. அந்தக் காலத்துக் காருக்குத் தரை பலகைதான், அது உக்கியிருந்தது எனக்குத் தெரியவில்லை. கால் தப்பிவிட்டது, செருப்பு தெருவோடு போய்விட்டது. நான் சிரித்திருக்கக்கூடாது. ஆனால் சிரித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒற்றைச் செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். "பிள்ளையின்ர கலியாணத்துக்கு வேற கார் பிடியுங்கோ."

மகள் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றபடியே, "நான் அப்பாவின்ர காரிலதான் போவன். இல்லாட்டி நடந்து போவன்" என்றாள்.

அரை மணி நேரக் கதைக்குப் பிறகு மனைவி இறங்கி வந்தாள், ஒரு நிபந்தனையோடு. "சரி. ஆனா வழியில ஒருக்கா நிண்டாலும், அடுத்த நாளே இதை இரும்புக்குக் குடுக்கவேணும். சத்தியம் பண்ணுங்கோ."

சத்தியம் பண்ணினேன்.

தரை போடுவதற்குப் பக்கத்துச் சல்லிக் கிராமத்திலிருந்து ஓடாவியாரைக் கூட்டி வந்தேன். வள்ளம் கட்டுவதில் அவருக்கு நிகர் அவர்தான். பத்து நாள் எங்கள் முற்றத்தில் வேலை செய்தார். ஒருநாள் பின்னேரம் நான் வேலை முடிந்து வந்து பார்த்தால், இருக்கைகளையெல்லாம் கழற்றிவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாகக் காருக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறார்! சாண் உயரத்துக்குத் தண்ணீர்.

"ஐயோ, ஓடாவியார்! என்ன செய்யிறீங்கள்?"

"தம்பி, வள்ளத்தை இப்பிடித்தான் பாக்கிறது. உள்ளுக்கு விட்ட தண்ணி வெளியில வராட்டி, வெளித்தண்ணி உள்ளுக்கு வராது. குனிஞ்சு பாரும், ஒரு சொட்டு விழுதோ எண்டு."

குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை. பலகை இடுக்கெல்லாம் பருத்தி நூல் திணித்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசியிருந்தார். பிரேக் கட்டை வரும் துவாரத்தைச் சுற்றித் தோல் வைத்து அடித்திருந்தார். "கண்ட கண்ட ஓட்டையெல்லாம் அடைச்சாச்சு. இனி நீர் இதைக் கடலிலயும் விடலாம்" என்றார். இரண்டு பேருமாகச் சிரட்டையால் இறைத்தோம். காருக்குள் தண்ணீர் இறைத்த பிற்றர் இந்த இலங்கையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கலியாணத்துக்கு முதல் நாள் பகல் முழுக்க மழை கொட்டியது. மறுநாள் காலை வானம் வெளித்திருந்தது. ஹேண்டிலை ஒரு சுற்றுத்தான் சுற்றினேன், எஞ்சின் பிடித்துக்கொண்டது. முன் இருக்கையில் தாம்பாளங்கள். பின்னால் மகள் கலியாணப் பட்டுச் சேலையோடு, பக்கத்தில் தாய். சாம்பல்தீவிலிருந்து பட்டினத்துக் கோயிலுக்கு அப்படி ஒன்றும் பெரிய தூரமில்லை. திருப்பத்தில் மகள் வளையல் கிலுங்கத் தூணில் ஒரு குத்து விட்டாள், சோம்பேறிக் கை டக்கென்று நீண்டது. மூன்று பேரும் சிரித்தோம். அன்றைய நாளில் நான் ராசா.

பாலத்தில் ஏறும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. களக், களக். இறங்கும்போது பலமாகக் கேட்டது. எஞ்சின் சத்தமெல்லாம் எனக்குப் பாடம், இது எஞ்சினில்லை.

"நிப்பாட்டுங்கோ" என்றாள் மனைவி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிறுத்தவைத்துச் சத்தியத்தில் பிடிக்கப் பார்க்கிறாள்! "நிப்பாட்ட ஏலாது" என்று வேகத்தைக் கூட்டினேன்.

"அப்பா, தண்ணி! கதவுக்குள்ளால தண்ணி வருது!" மகள் அலறினாள். கண்ணாடியில் பார்த்தேன். கதவின் உட்பக்கத் துணி நனைந்து ஊறிக்கொண்டிருந்தது. அவள் சேலையை மடியில் சுருட்டிப் பிடித்தபடி நடு இருக்கைக்கு ஒதுங்கியிருந்தாள்.

பிள்ளையின் கலியாணச் சேலையா, என் காரா? யோசிக்க நேரமில்லை. உப்புவெளியில் ஓரங்கட்டினேன். எஞ்சினை அணைக்க மட்டும் கை வரவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சுக்கானைப் பிடித்தபடி இருந்தேன்.

மனைவி இறங்கினாள். பட்டுச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சேற்றோரத்தில் குந்தினாள். கொண்டையில் கைவைத்து ஓர் ஊசியை உருவினாள். தேடவில்லை, தடவவில்லை. கதவின் அடியில் நேராக ஓரிடத்தில் குத்தித் திருகினாள். ஓடாவியாரின் குங்கிலியம் பெயர்ந்தது. முதல் நாள் பெய்த மழை முழுவதும் பீய்ச்சிக்கொண்டு தெருவில் இறங்கியது. ஊசி வளைந்துவிட்டது. இன்னொன்றை உருவினாள். ஒரு கதவுக்கு மூன்று ஓட்டை. காரைச் சுற்றிப் போய் மற்றக் கதவுக்கும் குத்தினாள். கொண்டை அவிழ்ந்து மல்லிகைச் சரம் தோளில் தொங்கியது.

கதவுக்குள் போகும் தண்ணீர் வடிவதற்குத்தான் அந்த ஓட்டைகளே. அவை சேற்றாலும் நான் அடித்த கழிவெண்ணெயாலும் அடைபடும் என்று எனக்கு, துறைமுகத்துப் பிற்றருக்கு, ஒருநாளும் உறைக்கவில்லை.

"இது... நீர்தானா?" என்றேன்.

"ஒவ்வொரு மழைக்கும் நான்தானே குத்தி விடுறனான். கலியாண வேலையில இந்த ஒரு கிழமைதான் பாக்கேல்லை."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"கழிவெண்ணெய், கழிவெண்ணெய் எண்டு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சியள். அந்தச் சந்தோசத்தை நான் ஏன் கெடுப்பான்?" கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு ஏறினாள். "என்ன பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள்? எடுங்கோ, நேரம் போகுது."

"கார் நிண்டுட்டுதே" என்றேன். சத்தியம் சத்தியம்தானே.

அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். "எஞ்சின் ஓடுது. நிக்கேல்லை" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் பின்னாலிருந்து தூணில் ஒரு குத்து விட்டாள். திருப்பமே இல்லாத இடத்தில் கை நீண்டது. அப்படியே கையை நீட்டியபடி கோயில் வரைக்கும் போனோம்.

சுபநேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். கோயில் வாசலில் புது வேட்டியோடு ஓடாவியார் காத்துக்கொண்டு நின்றார். "தம்பி, ஒரு சொட்டாவது உள்ளுக்கு வந்துதோ?"

"அதை விடுங்கோ, ஓடாவியார். உள்ளுக்கு வந்ததில ஒரு சொட்டும் வெளியில போகேல்லை" என்றேன். மனிதர் பூரித்துப்போய்விட்டார்.

மாலை மாற்றும்போது என் மனைவியின் தலையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசியில்லாத அந்த அவசரக் கொண்டை அவிழ்ந்து அவிழ்ந்து விழ, அவள் ஒரு கையால் அதைப் பிடித்தபடி மறு கையால் அட்சதை போட்டாள். அடுத்த நாள் காலை சந்தைக்குப் போய் ஒரு பெட்டி கொண்டை ஊசி வாங்கி வந்து, அவள் கேட்காமலே குசினி மேசையில் வைத்தேன். அதற்குப் பிறகும் கதவு உக்காத இரகசியத்தை ஆட்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நான் அவர்களைக் குசினிப் பக்கம் அனுப்பினேன்.